வைத்தியர் பதில்கள்: ஊசிக்குப் பின்னரா, ஊசியினாலா?

இம்முறை வந்த கடிதங்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைத் தொட்டிருந்தமையால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். சிறுவர் தடுப்பூசிகளால் ஓட்டிசம் (பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாட்டைக் காட்டும் மூளை வளர்ச்சி நிலை) உண்டாகிறது என்று கூறும் குரல்பதிவு ஒன்று எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் வீடு வீடாகப் போயிருக்கிறது. நானும் அதை இரண்டு தடவை கேட்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்: டொக்டர், என் மகனுக்கு இப்போது இரண்டு வயதும் எட்டு மாதமும். ஒன்றரை வயதில் கிளினிக்கில் ஊசி போட்ட அன்றிரவு கடுங்காய்ச்சல் வந்தது. அதுவரை ‘அம்மா’, ‘மாமா’, ‘மீன்’ என்று ஐந்தாறு சொற்கள் சொன்ன பிள்ளை, அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் ஒன்றுமே கதைக்காமற் போய்விட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பெரியாஸ்பத்திரியில் ஓட்டிசம் என்றார்கள். “நீதானே தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டாய்” என்று மாமி ஒவ்வொரு நாளும் சொல்கிறா. நான் என் பிள்ளைக்குச் செய்தது பிழையா?

பிழையல்ல, சகோதரி. உங்கள் கேள்விக்கு விடை அவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் அதற்கான காரணங்கள்.

நீங்கள் கண்ணாற் கண்டதை நான் மறுக்கப் போவதில்லை. ஊசி ஏற்றப்பட்டது உண்மை. அன்றிரவு காய்ச்சல் வந்ததும் உண்மை. அது ஊசியினால் வந்த காய்ச்சல்தான். ஒன்றரை வயதில் நம் இலங்கையில் ஏற்றப்படுவது தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்கும் எதிரான முக்கூட்டுத் தடுப்பூசி. அதிலுள்ள குக்கல் மருந்து, கொல்லப்பட்ட முழுக் கிருமிகளைக் கொண்டு செய்யப்படுவதால், காய்ச்சலையும் ஊசி ஏற்றிய இடத்தில் வீக்கத்தையும் அடிக்கடி உண்டாக்கும். பின்னர் பிள்ளையின் சொற்கள் மறைந்ததும் உண்மை. முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் தொடர்பு உண்டா என்பது ஒன்றே ஆராய வேண்டியது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையானோர், கற்றுக்கொண்ட சொற்களையும் பழக்கங்களையும் பதினைந்து மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் இழக்கின்றனர். ஊசி ஏற்றாத பிள்ளையிலும் இந்த இழப்பு இதே வயதிலேயே நிகழ்கிறது. இங்கிலாந்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். ஊசி ஒரு வயதைத் தாண்டியதும் ஏற்றப்பட்டதால், அங்குள்ள தாய்மார் அந்த ஊசியைச் சந்தேகித்தனர். நம் நாட்டில் எம்.எம்.ஆர். ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் ஏற்றப்படுவதால் தாய்மார் தாமாக அதைச் சந்தேகிப்பது குறைவு. ஒன்றரை வயதில் வரும் முக்கூட்டு ஊசியே அந்தப் பழியைச் சுமக்கிறது. பழி சுமக்கும் ஊசி நாட்டுக்கு நாடு வேறாக இருக்க, சொல் மறையும் வயது மட்டும் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். ஆய்வாளர்கள் அப்படிப் போய்விட முடியாது. காகம் வந்திருந்த பனைகளில் எத்தனை பழம் விழுந்தன, காகமே வராத பனைகளில் எத்தனை விழுந்தன, காகம் எழுந்து பறந்ததை அடுத்து விழுந்தவை மற்ற நேரங்களில் விழுந்தவற்றைவிட அதிகமா என்று தோப்புத் தோப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எண்ணிய ஆய்வுகளில் உங்கள் மகனின் ஊசிக்கு நெருங்கியது 2013இல் அமெரிக்காவில் வெளியானது. 1994க்கும் 1999க்கும் இடையில் பிறந்த, ஓட்டிசம் உள்ள 256 பிள்ளைகளையும் இல்லாத 752 பிள்ளைகளையும் எடுத்து, முதல் இரண்டு வயதுக்குள் ஒவ்வொருவரும் தடுப்பூசிகள் வழியாகப் பெற்ற கிருமிக் கூறுகளின் தொகையைக் கணக்கிட்டனர். அந்தப் பிள்ளைகளிற் பலர் பெற்றது முழுக் கிருமிக் குக்கல் மருந்து. அது ஒன்றே 3,000க்கு மேற்பட்ட கூறுகளை உடலுக்குக் காட்டுவது. இரு சாராரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; இது உங்களுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், கவலையாகவும் இருக்கலாம். பல பிள்ளைகளில் ஓட்டிசத்தின் அடையாளங்கள், பெற்றோர் உணர்வதற்குப் பல மாதங்கள் முன்னரே தொடங்கிவிடுகின்றன. 1994இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பின்னர் ஓட்டிசம் என்று அறியப்பட்ட 11 பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள் வீடியோக்களையும், வழமையாக வளர்ந்த 11 பிள்ளைகளின் வீடியோக்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தனர். மற்றவர் முகத்தைப் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, பெயர் சொன்னதும் திரும்புவது ஆகியவற்றில் வேறுபாடு அன்றே தெரிந்தது. கேக் வெட்டிய வீட்டாருக்கு அது தெரியவில்லை. தெரியாதது அவர்களின் குற்றமல்ல. பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே மூளையின் அமைப்பில் ஏற்படும் வேறுபாடுகளைக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கணக்கு, ஓட்டிசத்துக்கான காரணங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணு வழிப்பட்டது என்கிறது. ஒன்றரை வயதில் ஒரு சனிக்கிழமை காலையில் கிளினிக்கில் நிகழக்கூடியதல்ல அது.

மாமியைப் பற்றி ஒரு சொல். அவர் கொடுமைக்காரி என்று நான் நினைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு நேர்ந்ததற்கு ஒரு காரணத்தைத் தேடி, எட்டிய தூரத்தில் உங்களைக் கண்டிருக்கிறார். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன் பின் இருவருமாக மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறுவர் நோய் வைத்திய நிபுணர் தந்த திகதிகளைத் தவற விடாதீர்கள். இரண்டரை வயது என்பது பயிற்சிக்கு நல்ல வயது. வீட்டில் அப்பம்மாவும் தாயும் சேர்ந்து விளையாட்டோடு விளையாட்டாகச் சொற் கொடுக்கும் பிள்ளை, வாரத்தில் ஒருநாள் மட்டும் பயிற்சி பெறும் பிள்ளையைவிட அதிகம் பெறும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியர்: அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். இலண்டன் வைத்தியர் ஒருவர் எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வருவதைக் கண்டுபிடித்ததாகவும், மருந்துக் கம்பனிகள் அவரது பதிவையே பறித்துவிட்டதாகவும் குரல்பதிவில் சொல்லப்படுகிறது. பெரிய சஞ்சிகையில் வெளியான ஆய்வை எப்படிப் பொய் என்பது?

வஅலைக்கும் ஸலாம். கேள்வி நியாயமானது, வெளியானது மிகப் பெரிய சஞ்சிகைதான். இலண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் பணியாற்றிய அன்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1998 பெப்ரவரி 28இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் ஆராயப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை 12. ஊசி ஏற்றாத பிள்ளைகள் எவரும் ஒப்பிடப்படவில்லை. பெற்றோரில் எட்டுப் பேர், குறைபாடு எம்.எம்.ஆர். ஊசிக்குப் பின் தொடங்கியதாகச் சொன்னார்கள் என்பதே அதன் சாரம். தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே எழுதியிருந்தது. ஆனால் கட்டுரைக்காக நடத்தப்பட்ட செய்தியாளர் கூட்டத்தில், மூன்றையும் சேர்த்து ஏற்றாமல் தனித்தனியாக ஏற்றுவதே நல்லது என்று வேக்ஃபீல்ட் சொன்னார். மறுநாட் பத்திரிகைகள் கட்டுரையை விட்டுவிட்டு, அந்தப் பேச்சையே எடுத்துக்கொண்டன.

பின்னர் வெளிவந்தவை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் தோண்டி எடுத்தவற்றில் முதன்மையானது பணம்: தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்க முயன்ற சட்டத்தரணி ஒருவர் மூலம் வேக்ஃபீல்ட் 4 இலட்சம் பவுணுக்கு மேல் பெற்றிருந்தார், கட்டுரையில் அது சொல்லப்படவில்லை. தனியான சின்னமுத்துத் தடுப்பு மருந்து ஒன்றுக்கு அவர் 1997இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பிள்ளைகள் வைத்தியசாலைக்குத் தற்செயலாக வந்தவர்கள் அல்லர். சிலர் வழக்கோடு தொடர்புடையவர்கள் மூலம் வந்தவர்கள். வைத்தியப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சிலரில் அறிகுறிகள் ஊசிக்கு முன்னரே தொடங்கியிருந்தன. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் தலைக்கு ஐந்து பவுண் கொடுத்து இரத்தம் எடுத்தார் என்பதும் விசாரணையில் நிறுவப்பட்டது. (ஆய்வொழுக்கம் பற்றி மாணவருக்குப் பாடம் எடுப்பவராயின், இந்த ஒரு விபரம் போதும், ஆசிரியரே.) 2004இல் இணை ஆசிரியர்கள் பத்துப் பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகினர். 2010 பெப்ரவரியில் ‘லான்செட்’ கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் பிரித்தானிய மருத்துவப் பேரவை அவரது பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. பதிவைப் பறித்தது பேரவை, கம்பனி அல்ல. அவருடன் நீக்கப்பட்ட மூத்த பேராசிரியர் ஜோன் வோக்கர்-ஸ்மித் 2012இல் மேல்நீதிமன்றத்தில் வென்றார் என்பதைக் குரல்பதிவு பெரிதாகச் சொல்கிறது. வென்றது உண்மை, ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி, எம்.எம்.ஆர். ஓட்டிசத்தை உண்டாக்குகிறது என்ற கருத்தை ஆதரிக்கும் மதிப்புக்குரிய தரப்பு எதுவும் இப்போது இல்லை என்று எழுதியதை அது சொல்லவில்லை.

ஆயினும் ஓர் ஆய்வாளர் நேர்மையற்றவர் என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. கள்வன் சொன்ன நேரமும் சில வேளை சரியாக இருக்கும். ஆகையாற் பிறர் அதே கேள்வியை எடுத்து ஆராய்ந்தனர் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1999இல் இலண்டன் வட்டாரத்தில் ஓட்டிசம் உள்ள 498 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, 1988இல் எம்.எம்.ஆர். அறிமுகமானதை ஒட்டி எந்தத் திடீர் ஏற்றமும் தெரியவில்லை. அடுத்து டென்மார்க். அந்த நாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பிறப்பிலேயே ஓர் இலக்கம் உண்டு. ஊசி ஏற்றியதும் நோய் நிர்ணயித்ததும் அதே இலக்கத்தின் கீழ் பதிவாகும். யாருடைய நினைவையும் நம்பியிருக்கத் தேவையில்லை. 1991 முதல் 1998 வரை அங்கு பிறந்த 5,37,303 பிள்ளைகளை எண்ணிய ஆய்வு 2002இல் வந்தது. ஐயம் ஓயாததால் மீண்டும் எண்ணினர்: 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகள், அவர்களுள் ஓட்டிசம் உள்ளவர்கள் 6,517 பேர். 2019இல் வெளியான அந்த முடிவின்படி, எம்.எம்.ஆர். ஏற்றாதவரிடையே ஓட்டிசம் 100 என்றால், ஏற்றியவரிடையே 93. அந்தச் சிறு வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள் அடங்குவதால், ஊசி ஓட்டிசத்தைக் குறைக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டவில்லை என்று சொல்வேன். ஊசி ஏற்றிய பின்னரான மாதங்களில் நோய் நிர்ணயங்கள் குவிகின்றனவா என்றும் பார்த்தார்கள். குவியவில்லை. காகம் பறந்த கணத்தையும் எண்ணிவிட்டார்கள் என்பது இதன் பொருள்.

நினைவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதுவும் ஆராயப்பட்டது. இலண்டன் செய்தி பரவிய பின்னர் ஓட்டிசம் நிர்ணயிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், அதற்கு முன்னர் நிர்ணயிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைவிடக் கூடுதலாக, பிள்ளையின் மாற்றம் எம்.எம்.ஆர். ஊசியை அடுத்துத் தொடங்கியதாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. துயரத்தில் உள்ள மனம் கேட்ட கதையின் ஒழுங்குக்குத் தன் நாட்களை அடுக்கிக்கொள்ளும்.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி: ஊசி மருந்தில் பாதரசமும் அலுமினியமும் கலந்திருப்பது உண்மையா? உண்மையானால் அது மூளையைப் பாதிக்காதா?

ஒரே குப்பியிலிருந்து பல பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் சில மருந்துகளில், கிருமி புகாமற் காக்கத் தயோமெர்சல் என்ற பதனப் பொருள் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. அதில் ஒருவகைப் பாதரசம் உண்டு. எம்.எம்.ஆர். மருந்தில் அது எக்காலத்திலும் சேர்க்கப்பட்டதில்லை, ஏனெனில் அதிலுள்ள உயிருள்ள வைரசை அது அழித்துவிடும். தயோமெர்சல் தருவது எதைல் பாதரசம். அதில் பாதி ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். நரம்பைப் பாதிப்பதாகப் பேர் பெற்றது மெதைல் பாதரசம்; அது நீங்கப் பல வாரங்கள் செல்லும். பெயரில் ஓரெழுத்து வேறுபாடுதானே என்று நினைக்க வேண்டாம். வைன் மதுவிலும் மரச்சாயம் கரைக்கும் திரவத்திலும் உள்ள இரு மதுசாரங்களுக்கும் இடையில் உள்ளது அதே வேறுபாடுதான். ஒன்று மயக்கும், மற்றது கண்ணைக் குருடாக்கும். மெதைல் பாதரசம் சேருவது பெரிய கடல் மீன்களில். பாலூட்டும் தாய்க்குச் சுறாப்புட்டு அவித்துக் கொடுக்கும் எங்கள் வீடுகளில் அதைப் பற்றி யாரும் குரல்பதிவு போடுவதில்லை. (சிறிய பாற்சுறா உண்பதைத் தடுக்க இதை எழுதவில்லை, முழு வளர்ச்சியடைந்த பெருஞ்சுறாவை அடிக்கடி உண்ணாதிருப்பது நல்லது.)

டென்மார்க் 1992இல் தன் குக்கல் ஊசியிலிருந்து தயோமெர்சலை நீக்கியது. மருந்து அதே மருந்து; பதனப் பொருள் மட்டும் இல்லை. இதைவிட நல்ல ஒப்பீடு ஆய்வாளனுக்குக் கிடைக்காது. 4,67,450 பிள்ளைகளில் இரு வகையையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வந்தது. ஓட்டிசத்தில் வேறுபாடு இல்லை. அமெரிக்கா 2001 அளவில் சிறுவர் ஊசிகளிலிருந்து அதை ஏறக்குறைய முற்றாக நீக்கியது. அதன் பின்னரும் அங்கு ஓட்டிச எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

அலுமினிய உப்பு, ஊசியின் வலுவைக் கூட்டச் சேர்க்கப்படுவது. 1997க்கும் 2018க்கும் இடையில் டென்மார்க்கில் பிறந்த 12 இலட்சம் பிள்ளைகளில், முதல் இரண்டு வயதில் ஊசிகள் வழியாகப் பெற்ற அலுமினியத்தின் அளவை ஓட்டிசம் உட்பட 50 நோய்நிலைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளியானது. அளவு கூடியவர்களில் அபாயம் கூடியதாகக் காணப்படவில்லை.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: நாங்கள் சிறுவராயிருந்த காலத்தில் ஊரில் ஓட்டிசம் என்ற சொல்லே இல்லை. இப்போது ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டு மூன்று பிள்ளைகள். ஊசி கூடியது, நோயும் கூடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சொல் இல்லை என்பது சரி. பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் ஊரிலும் கதைக்காமல் ஒரே சிரட்டையை நாள் முழுவதும் சுழற்றிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்கு ஊமை என்றோ, சாமிப் பிள்ளை என்றோ, பேய் பிடித்தது என்றோ பெயர் இருந்திருக்கும், பாடசாலைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஓட்டிசத்தை 1943இல் லியோ கன்னர் முதன்முதலில் விரிவாக எழுதினார், எம்.எம்.ஆர். ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1971இல். அமெரிக்க மனநல மருத்துவர்கள் வரைவிலக்கணத்தை 1980க்குப் பின் பல தடவை மாற்றி அகலமாக்கினர். அங்கு 2000ஆம் ஆண்டில் 150 பிள்ளைகளில் ஒருவராக இருந்த எண்ணிக்கை 2022இல் 31இல் ஒருவராக ஆனதில், வலையின் கண் சிறுத்ததற்கும் தேடும் கைகள் கூடியதற்கும் பெரும் பங்குண்டு. தாய் தந்தையரின் வயது கூடியதும், குறைமாதப் பிள்ளைகள் பிழைத்து வாழ்வதும் ஓரளவு உண்மையான ஏற்றத்துக்குக் காரணமாகலாம்.

ஊசி கூடினால் நோய் கூடும் என்றால், ஊசி நின்றால் நோய் குறைய வேண்டும். யப்பான் 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்தியது. (நிறுத்தியதற்குக் காரணம், அங்கு பாவித்த கூகைக்கட்டு வைரஸ் வகை சில பிள்ளைகளில் மூளையுறை அழற்சியை உண்டாக்கியது, உண்மையான தீங்கு இருந்தால் கண்டுபிடிக்கப்படும் என்பதற்கு அது சாட்சி.) யொக்கஹாமா நகரில் அதன் பின்னர் பிறந்து எம்.எம்.ஆர். ஊசியே காணாத பிள்ளைகளிடையிலும் ஓட்டிசம் ஏறிக்கொண்டே போனதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது; அதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணித்தது. ஆராயப்பட்ட பிள்ளைகள் நானூறுக்கும் குறைவானோர் என்பதால் அந்த இலக்கத்தை நான் கல்லில் வெட்டமாட்டேன். ஆனால் எம்.எம்.ஆர். நமது தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2011இல். அதற்கு முன்னர் ஒன்பதாம் மாதத்தில் ஏற்றப்பட்டது தனிச் சின்னமுத்து ஊசி, அதாவது வேக்ஃபீல்ட் பாதுகாப்பானது என்று பரிந்துரைத்த அதே முறை. அந்த முறையில் வளர்ந்த பிள்ளைகளிடையிலும் ஓட்டிசம் இருந்தது.

திருக்கோவிலிலிருந்து ஓர் இளைஞர்: அமெரிக்க அரசாங்கமே இப்போது ஒத்துக்கொண்டு விட்டதாமே?

2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், தடுப்பூசியும் ஓட்டிசமும் பற்றிய தன் இணையப் பக்கத்தின் வாசகத்தை மாற்றியது உண்மை. அதற்குப் பொறுப்பான சுகாதாரச் செயலாளர் ரொபர்ட் எஃப். கென்னடி இளையவர், பதவிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தடுப்பூசிகளுக்கு எதிராகப் பேசி வந்தவர். மாற்றத்துக்கு ஆதாரமாகப் புதிய ஆய்வெதுவும் முன்வைக்கப்படவில்லை. தொடர்பு இல்லவே இல்லை என்று முற்றாக நிரூபிக்கப்படவில்லை என்பதே அங்கு சொல்லப்பட்ட நியாயம். இந்த நியாயத்துக்கு முடிவில்லை. வாவியில் முதலை இல்லை என்று எத்தனை வலை வீசினாலும் முற்றாக நிரூபிக்க முடியாது. இலட்சக்கணக்கான தடவை வீசிய வலையில் எதுவும் சிக்கவில்லை என்று மட்டுமே சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அடுத்த மாதமே ஆய்வுகளை மீண்டும் பரிசீலித்து, தொடர்பில்லை என்ற தன் முடிவை உறுதிப்படுத்தியது.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர்: 2008இல் ஐங்கூட்டு ஊசியால் பிள்ளைகள் இறந்ததாக அரசாங்கமே அதை நிறுத்தியது. அப்படியான திட்டத்தை எப்படி நம்புவது?

2008 ஜனவரியில், ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசி தொடங்கியது. ஊசிக்குப் பின் ஐந்து பிள்ளைகள் இறந்ததாக அறிக்கைகள் வரவே ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டது. உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் ஒவ்வொரு சம்பவத்தையும் ஆராய்ந்த பின், 2010இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இதில் ஓட்டிசம் பேசப்படவே இல்லை. என்னைக் கேட்டால், நான் இத்திட்டத்தை நம்புவதற்கு அந்த இடைநிறுத்தமும் ஒரு காரணம். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் நிரப்பிய படிவங்கள் கொழும்பைச் சென்றடைந்து, நான்கு மாதத்துக்குள் நாடு முழுவதும் ஒரு மருந்தை நிறுத்த வைத்தன. கிளினிக்கில் ஊசி ஏற்றிய பின் 20 நிமிடம் இருக்கச் சொல்வது ஏன் என்று கோபிக்கிறவர்களும் கேளுங்கள்: பத்து இலட்சம் ஊசிகளில் ஒன்றுக்குக் கடும் ஒவ்வாமை வரலாம், அது வந்தால் உடனே வரும், உடனே ஊசி போட்டு மீட்கலாம். எம்.எம்.ஆர். ஏற்றியவரில் மூவாயிரம் நாலாயிரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமானது, பின்விளைவு வைக்காதது. இவற்றை மறைத்து ஊசி முற்றிலும் தீங்கற்றது என்று சொல்லும் வைத்தியரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

நிறுத்தி ஆராய்வது ஒன்று, பயந்து கைவிடுவது வேறு. 2018இல் சமோவாத் தீவில், தாதியர் எம்.எம்.ஆர். மருந்தைத் தவறான திரவத்திற் கரைத்ததால் இரு குழந்தைகள் இறந்தன. அந்த அச்சத்தில் ஊசி ஏற்றுதல் சரிந்து கிடந்தபோது, மறு ஆண்டு சின்னமுத்து புகுந்தது. எங்கள் கல்முனை, மட்டக்களப்பு நகரங்கள் இரண்டையும் சேர்த்தால் வருமளவு சனத்தொகையே கொண்ட அந்த நாட்டில் 83 பேர் இறந்தனர், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

போர்க்காலத்தில் போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைத்ததை இங்கு பலர் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போன குடும்பநல உத்தியோகத்தர்களை நான் அறிவேன். 1993க்குப் பின் இந்த நாட்டில் ஒரு பிள்ளையும் இயற்கையாகப் பரவும் போலியோ வைரசால் முடமாகவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தந்தை: மூத்த மகனுக்கு ஓட்டிசம். இளைய மகளுக்கு எட்டு மாதம். அடுத்த மாதம் எம்.எம்.ஆர். ஊசி. அவள் கதைக்கத் தொடங்கும் வரை பிற்போடலாமா?

பிற்போட வேண்டாம். உங்கள் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மூத்த பிள்ளைகள் உள்ள 95,727 அமெரிக்கப் பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், 1,929 பேரின் மூத்த சகோதரருக்கு ஓட்டிசம் இருந்தது. அந்த இளையவர்களில் எம்.எம்.ஆர். ஏற்றியவர்களிடையே ஓட்டிசம் கூடவில்லை. உங்கள் மகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடிய வாய்ப்பு உண்டு. அது மரபால் வருவது, ஊசியைத் தள்ளிப்போட்டால் குறையாது.

தள்ளிப்போடுவதால் வரக்கூடியது சின்னமுத்து. 2019இல் இலங்கை அதை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிக ஊசி ஏற்ற ஒன்பது மாவட்டங்களைத் தெரிந்தபோது, உங்கள் கல்முனைச் சுகாதாரப் பிராந்தியமும் அதில் ஒன்று. அதே ஊசியில் உள்ள ருபெல்லாப் பகுதியையும் நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா வந்தால், வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கண், காது, இதயக் குறைபாடுகளோடு ஓட்டிசமும் வரக்கூடும் என்பதை நியூயோர்க்கில் ஸ்டெல்லா செஸ் 1971இல் எழுதினார். ஓட்டிசத்துக்கான காரணங்களில் ஊசியால் தடுக்கக்கூடியதாக நாம் உறுதியாக அறிந்தது அது.

அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கொண்டு போங்கள். மூத்தவருக்கு ஓட்டிசம் என்பதை மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி எழுதுவியுங்கள். மகள் ஒரு வயதில் பெயர் சொன்னதும் திரும்புகிறாளா, ஒன்றரை வயதில் வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘பெண் பிள்ளைதானே, கதைப்பாள்’ என்று காத்திராமல், அந்த மாதமே சிறுவர் நோய் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.